கயிற்றின் மறுமுனை: நெருங்கிய உறவும் மனநலமும் குறித்து இராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவிபட்டினம் தொடங்கி மூக்கையூர் வரையிலான கடலோர ஊர்களில், மகளிர் குழுக் கூட்டங்களிலும் வலை சரிசெய்யும் கொட்டகைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் மனநலம் பற்றிப் பேசப் போகும்போது, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மருத்துவம் என் தொழில் அன்று. மருத்துவரிடம் போக வேண்டிய இடங்களில் அவ்வாறே சொல்லியிருக்கிறேன்.

உறவு இருந்தால் மனம் நன்றாக இருக்கும் என்பது பாட்டிமாருக்கே தெரியும். இதற்கு ஆராய்ச்சி எதற்கு?

பாட்டிமாருக்குத் தெரிந்ததுதான், ஆனால் அதன் அளவு அவர்களுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2010இல் 148 ஆய்வுகளைத் திரட்டி, 3,08,849 பேரின் விவரங்களை ஒருசேர அலசினார்கள். சராசரியாக ஏழரை ஆண்டுகள் கவனிக்கப்பட்ட அந்த மனிதர்களில், வலுவான உறவுகளை உடையவர்கள் அக்காலத்தின் முடிவில் உயிருடன் இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. புகைப்பழக்கத்தை விடுவதால் கிடைக்கும் பயனோடு ஒப்பிடத்தக்க அளவு இது என்று அவர்கள் எழுதினார்கள்.

1938இல் தொடங்கி இன்றும் நடந்துவரும் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு 724 ஆண்களை இளமையிலிருந்து முதுமை வரை பின்தொடர்ந்தது. ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டிருந்தவர்களே எண்பது வயதில் அதிக நலத்துடன் இருந்தார்கள் என்றும், இரத்தத்திலுள்ள கொழுப்பின் அளவைவிட அந்த நிறைவே முதுமையை முன்கூட்டிக் காட்டியது என்றும் அதன் இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர் கூறியிருக்கிறார். அவர்கள் அனைவரும் அமெரிக்க ஆண்கள் என்பதையும், ஏற்கெனவே நலமாக இருப்பவர்களிடமே நண்பர்கள் எளிதாகச் சேர்கிறார்கள் என்ற எதிர்வாதத்தையும் மறந்துவிடக் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று எடுத்துக்கொள்வதே நேர்மையானது.

எங்கள் தெருவில் எல்லோரும் சொந்தக்காரர்கள். இங்கே தனிமை எப்படி வரும்?

இப்பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, கோயில் கொடை, சப்பரப் பவனி என்று ஆண்டு முழுவதும் நமக்குக் கூட்டத்துக்குக் குறைவில்லை. துக்க வீட்டில் பதினாறாம் நாள் வரை அடுப்பு மூட்ட விடாமல் பார்த்துக்கொள்ளும் ஊர்கள் இவை. ஆனால், பதினேழாம் நாள் முதல் எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை என்று சொல்லும் பெண்களையும் இதே ஊர்களில்தான் சந்திக்கிறேன். சோறும் பணமும் ஆள்பலமும் தாராளமாகப் புழங்கும் உறவுகளில், மனத்தில் இருப்பதைச் சொல்வதற்கு இடம் இருப்பதில்லை. சொன்னால் மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பேச்சாகிவிடும் என்ற அச்சம் வேறு.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்தில் சங்கு குளிப்பது நெடுங்காலத் தொழில். மூச்சடக்கி மூழ்குகிறவரின் கயிற்றுக்கு மறுமுனை, படகில் இருக்கும் ஒருவர் கையில் இருக்கும். கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டியதும் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனரிடம்தான் கொடுப்பார்கள், தன் உடன்பிறந்தாளின் தாலிக்குத் தீங்கு வர அவர் விடமாட்டார் என்று சொல்வது உண்டு. “மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்” என்ற பழமொழிக்கு, மலையில் தேன் எடுப்பவர்களை வைத்துச் சொல்லப்படும் விளக்கமும் இதேதான். படகில் பத்துப் பேர் இருந்தாலும் கயிறு ஒருவர் கையில்தான் இருக்கும். அவரும் வேறு வேலை பார்க்காமல் அதையே கவனித்துக்கொண்டிருப்பார். நெருங்கிய உறவு என்று நான் சொல்வது அந்த ஒருவரை. அவர் இரத்த உறவாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இலண்டனில் கேம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் நடத்தி 1978இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் கண்டது. பெரிய இழப்பையோ நெருக்கடியையோ சந்தித்த பெண்களில், மனம்விட்டுப் பேசத்தக்க ஒருவர் அருகில் இருந்தவர்கள் மனச்சோர்வு நோய்க்கு ஆளாவது மிகக் குறைவாக இருந்தது. தெரிந்தவர்களின் எண்ணிக்கை அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை.

அப்படி ஒருவர் இருப்பதால் உடலுக்குள் என்னதான் நடக்கிறது?

ஆபத்து என்று மூளை கருதும்போது இதயத் துடிப்பு ஏறுகிறது, கார்டிசோல் என்னும் சுரப்பு கூடுகிறது, தசைகள் இறுகுகின்றன. ஆபத்து நீங்கியதும் இவை தணிய வேண்டும். தணியாமல் மாதக்கணக்கில் நீடித்தால் தூக்கமும் செரிமானமும் இரத்த அழுத்தமும் கெடுகின்றன. தனியாக இல்லை என்ற உணர்வு அந்தத் தணிவை விரைவாக்குகிறது.

ஜேம்ஸ் கோன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட சோதனை இதற்கு எளிய சான்று. திருமணமான 16 பெண்களிடம், சிறிய மின்அதிர்ச்சி வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர்களது மூளையின் செயல்பாட்டைப் படமெடுத்தார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது அச்சத்தோடு தொடர்புடைய பகுதிகள் குறைவாகவே இயங்கின. முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்தபோதும் ஓரளவு தணிவு தெரிந்தது. இல்லறத்தில் மனநிறைவு மிகுந்த பெண்களிடம் இந்தத் தணிவு இன்னும் கூடுதலாக இருந்தது. பதினாறு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் மருத்துவமனை வராந்தாவில் ஒருவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளை நினைத்துப் பார்த்தால் நம்புவதற்குக் கடினமாக இல்லை.

எத்தனை பேர் இருந்தால் போதும்?

ஒருவர் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். இரண்டு மூன்று பேர் இருந்தால் அந்த ஒருவரின் மேல் பாரம் முழுவதும் இறங்காது.

கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, அல்லது இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டார் என்று செய்தி வந்த வீட்டுக்குப் போகும்போது என்ன பேசுவது?

முதலில், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாமல் இருப்பது நல்லது. அது நமக்குத் தெரியாது. நமக்குத் தெரியாது என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். அந்நாட்களில் அவ்வீட்டை அதிகம் வதைப்பது முரண்பட்ட தகவல்கள்தாம். வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு, படகுத்துறையில் ஒரு பேச்சு, தொலைக்காட்சியில் ஓடும் ஒரு வரி என்று மணிக்கொரு தடவை நம்பிக்கை ஏறி இறங்குகிறது. மீன்வளத் துறை அலுவலகத்திலும் சங்கத்திலும் விசாரித்து, உறுதியானதை மட்டும் வீட்டில் வந்து சொல்லும் பொறுப்பை, சொந்தத்தில் நிதானமான ஒருவர் ஏற்றுக்கொள்வது பெரிய உதவி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் படகு உரிமையாளரான சம்மாட்டியிடம் பேச வேண்டியதைப் பேசுவதும் அடுத்த உதவிகள். இவை எதுவும் இயலாதவர் பேசாமல் அருகில் உட்கார்ந்திருக்கலாம். அதைக் குறைவானதாக எண்ண வேண்டியதில்லை.

கடலில் காணாமல் போய், உடலும் கிடைக்காத வீடுகளின் நிலை இன்னும் கடினமானது. இத்தகைய இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்று பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வரையறுத்தார். இறந்தார் என்று அழவும் முடியாது, வருவார் என்று இருக்கவும் முடியாது. சட்டமும் பொதுவாக ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாத பிறகே ஒருவரை இறந்தவராகக் கருதுகிறது. இந்த இடைவெளியில் அப்பெண் பூ வைக்கலாமா, விசேஷத்துக்கு வரலாமா என்று தீர்ப்புச் சொல்வதற்கு ஊரில் பலர் இருப்பார்கள். அவளுடன் இருப்பவர் செய்யக்கூடியது, இரண்டு எண்ணமும் அவளிடம் ஒருசேர இருப்பதை அனுமதிப்பது: காலையில் அவர் வருவார் என்று சொன்னவள் மாலையில் அவர் இல்லை என்று அழுதால், இரண்டையும் கேட்டுக்கொள்வது. எந்த முடிவுக்கும் அவளைத் தள்ளக் கூடாது. செய்தி பழசான பிறகும் போய்ப் பார்ப்பது இதில் மிக முக்கியம். முதல் வாரத்தில் முற்றம் நிறைய ஆட்கள் இருப்பார்கள். நான்காம் மாதத்தில் போகிறவரைத்தான் அவ்வீடு நினைவில் வைத்திருக்கிறது.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் வீட்டில் சண்டை கூடுகிறது. அருகில் இருந்தால் நெருக்கம் கூட வேண்டாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. வருமானம் நிற்கிறது, கடன் நிற்பதில்லை. வாரத்தில் பல நாட்கள் கணவர் இல்லாமலே வீட்டை நடத்திப் பழகிய மனைவிக்கு அவரது மேற்பார்வை எரிச்சலூட்டுகிறது. கடலில் வேலைக்காரராக இருந்தவருக்கு வீட்டில் தாம் எதற்கும் தேவையில்லை என்ற எண்ணம் வருகிறது. பல சண்டைகளின் அடியில் இருப்பது அன்பின்மை அன்று; பணக் கவலையும் இடம் மாறிய குழப்பமும்தான். அதைச் சண்டை தொடங்கும் முன்னரே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளும் வீடுகள் ஓரளவு தப்பிக்கின்றன. மார்ச் மாதத்திலேயே இருவரும் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தச் செலவைத் தள்ளிப் போடலாம் என்று கணக்கு எழுதிவிடுவது மனநலத்துக்கான யோசனையாகத் தோன்றாமல் இருக்கலாம். என் அனுபவத்தில் அதைவிடப் பயனுள்ள யோசனையை நான் இதுவரை சொன்னதில்லை.

கணவர் சபரில், அதாவது வெளிநாட்டில் வேலைக்குப் போன இடத்தில், இருக்கிறார். தினமும் வீடியோ அழைப்பில் பேசுகிறோம். இருந்தும் தூரமாகவே உணர்கிறேன். ஏன்?

கீழக்கரையிலும் தொண்டியிலும் இக்கேள்வி வராத கூட்டமே இல்லை. தினசரி அழைப்பு பெரும்பாலும் ஒரு கணக்கு ஒப்படைப்பாகச் சுருங்கிவிடுகிறது: பணம் வந்ததா, உம்மாவுக்கு மாத்திரை வாங்கியாயிற்றா, பையன் பள்ளிக்குப் போனானா. அங்கே அறையில் ஐந்தாறு பேர் இருக்க அவரால் மனம்விட்டுப் பேச முடிவதில்லை. இங்கே மாமியார் அருகில் இருக்க இவராலும் முடிவதில்லை. இரு பக்கமும், மற்றவர் கவலைப்படக் கூடாது என்று கெட்ட செய்திகளை மறைக்கிறார்கள். மறைப்பது அன்பினால்தான் என்றாலும், நாளடைவில் ஒருவரையொருவர் அறியாத இரண்டு வாழ்க்கைகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன.

வாரத்தில் ஒரு நாளாவது இருவரும் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, வீட்டுக் கணக்கைத் தொடாமல் பேசிப் பார்க்கலாம். எழுதும் பழக்கம் உள்ளவர்கள் குரல்பதிவைவிட எழுத்தில் எளிதாக உண்மை சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கும் வாப்பா என்பவர் பரிசுப்பெட்டியோடு வந்துபோகும் விருந்தாளியாக ஆகிவிடாமல் இருக்க, அவர்களது அன்றாடத்தின் ஏதாவது ஒரு சிறு பொறுப்பு அவரிடம் இருப்பது நல்லது. வாய்ப்பாடு ஒப்பிக்கக் கேட்பதாகக்கூட இருக்கலாம்.

ஆண்கள் பேசவே மாட்டார்களே?

எதிரெதிரே உட்கார வைத்து, உன் மனத்தில் என்ன இருக்கிறது சொல் என்றால் பேச மாட்டார்கள்தான். பக்கத்தில் உட்கார்ந்து கையில் வேலை இருக்கும்போது பேசுகிறார்கள். வலையைச் சரிசெய்யும்போதும், ஐஸ் ஏற்றக் காத்திருக்கும்போதும், தங்கலுக்குப் போன இடத்தில் இரவில் விழித்திருக்கும்போதும் வெளிவரும் பேச்சுகள் எந்த ஆலோசனை அறையிலும் வராதவை. ஆகவே மச்சான் ஒருவர் வாடிப் போயிருப்பதாகத் தோன்றினால், விசாரணை போலத் தொடங்காமல் ஒரு வேலைக்கு அழைத்துச் செல்வது சரியான வழி. சாராயக் கடை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது என்பதே சங்கடம். அங்கேயும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுகிறார்கள். ஆனால் மறுநாள் இருவருமே அதைப் பற்றிப் பேசுவதில்லை. மது மனச்சோர்வையும் சேர்த்தே வளர்க்கிறது.

பெண்கள் இதில் முன்னே இருக்கிறார்கள். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுக்கச் சேர்ந்தே கடலில் இறங்குகிறார்கள். பாறையில் கால் கிழிந்தால் கட்டுப் போடுபவரும், வீட்டில் நடந்ததைக் கேட்பவரும் அந்தக் குழுவிலேயே இருக்கிறார். கத்தோலிக்கப் பங்குகளின் அன்பியக் கூட்டமும் மகளிர் குழுவும் அதே வேலையைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்கின்றன, கடன் தவணை பற்றிய பேச்சு எல்லா நேரத்தையும் விழுங்காத வரையில்.

உறவே காயப்படுத்துமானால்?

அப்போது மேலே சொன்னவை எதுவும் பொருந்தாது. நெருக்கம் என்பது வேறு, ஆதரவு என்பது வேறு. ஒரே கூரையின் கீழ் முன்னது இருந்து பின்னது இல்லாமல் போகலாம். ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் 2005இல் 42 தம்பதிகளிடம் நடத்திய சோதனையில், தோலில் உண்டாக்கிய சிறு காயங்கள் தம்பதியர் சச்சரவு செய்த பிறகு மெதுவாகவே ஆறின. பகைமையோடு பேசிக்கொண்ட தம்பதிகளிடம் இன்னும் மெதுவாக. அடி உதை இருக்கும் வீட்டில் அனுசரித்துப் போ என்று சொல்வதை ஆதரவு என்று நான் கருதவில்லை, அதைச் சொல்பவர் பெற்ற தாயாகவே இருந்தாலும். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.

மனநோய் வந்தவருக்கு அன்பு மட்டும் போதுமா?

போதாது. மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு, கடுமையான மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மருத்துவம் தேவை. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் மருந்து வேலை செய்வதற்கு வீட்டின் போக்கும் காரணமாகிறது. 1970களில் இங்கிலாந்தில் கிறிஸ்டின் வாகனும் ஜூலியன் லெஃப்பும் செய்த ஆய்வில், குறை கூறலும் வெறுப்பும் மிகுந்த வீடுகளுக்குத் திரும்பிய நோயாளிகளுக்கு நோய் மீண்டும் தலைதூக்குவது அதிகமாக இருந்தது. சோம்பேறி என்றும் நடிக்கிறான் என்றும் சொல்வது வெறும் வார்த்தையாக நின்றுவிடுவதில்லை.

இக்கரையில் இதைப் பேசும்போது, தர்காவை நாடி மனநோயாளிகள் அழைத்துவரப்படும் ஏர்வாடியைப் பேசாமல் இருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் அங்கிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியின்றி இறந்தார்கள். அவர்களில் பலரை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் சொந்தக் குடும்பத்தினர். அவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் தனியாகப் பார்த்துக்கொண்டு, உதவிக்கு யாரும் இல்லாமல் ஓய்ந்துபோனவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியில் பிணைப்பதைத் தடை செய்கிறது. தர்காவுக்குப் போவதும் கோயிலுக்குப் போவதும் மருத்துவத்துக்குத் தடையல்ல. துஆ என்னும் வேண்டுதலும் மருந்தும் ஒன்றாகவே இருக்கலாம். நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு வாரத்தில் ஒரு மாலைப் பொழுதாவது ஓய்வு கிடைக்கும்படி, அண்டை வீட்டாரோ மதினியோ அந்த இடத்தில் உட்கார முன்வருவது, நோயாளிக்கும் சேர்த்துச் செய்யும் உதவி.

உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது?

சும்மா சொல்கிறார் என்று எண்ணக் கூடாது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, பலருக்குச் சொல்ல முடிந்ததே ஆறுதலாகிறது. அறிவுரை சொல்லாமலும் பிள்ளைகளை நினைத்துப் பார் என்று குற்ற உணர்வை ஏற்றாமலும் கேளுங்கள். ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் நீங்களே உடன் செல்லுங்கள். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும், சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் 044-24640050 எண்ணிலும் பேசலாம்.

அதற்குப் பிறகு வரும் மாதங்கள்தான் பலராலும் கவனிக்கப்படாதவை. உலக சுகாதார அமைப்பு சென்னை உட்பட ஐந்து நாடுகளின் நகரங்களில் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேர் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடலும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பும். அக்காலத்தில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 விழுக்காடு, இரண்டாவதில் 0.2 விழுக்காடு. ஒன்பது விசாரிப்புகள் என்பது நம்மில் யாருக்கும் இயலாத காரியமில்லை. நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். நினைவு வரும்போது பார்க்கலாம் என்று விட்டால் தவறிவிடும்.

கூட்டுத் தொழிலில் பணத் தகராறு வந்து, நெருங்கிய நண்பரோடு பேச்சு நின்று பத்தாண்டாகிறது. முதலில் யார் போவது?

இதைக் கேட்பவரே போகலாம். பணக் கணக்கை முதல் சந்திப்பில் எடுக்க வேண்டாம். அவர் தாயார் எப்படி இருக்கிறார் என்று கேட்டால் போதும். பழைய நெருக்கம் உடனே திரும்பிவிடாது. ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, அறிமுகமானவர் ஒருவர் நெருங்கிய நண்பராவதற்கு இருவரும் 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது; உங்களுக்குப் பழைய பழக்கம் இருப்பதால் அவ்வளவு தேவைப்படாமலும் போகலாம். முதல் முறை அவர் முகம் கொடுக்காவிட்டால், ஒரு மாதம் விட்டு இன்னொரு முறை போய்ப் பாருங்கள்.